கடல் தாண்டினால் செல்லாத லைசென்சு!

ஊரில் பதினைந்து ஆண்டு லாரி ஓட்டியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மலைப் பாதை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொட்டும் மழையிலும் ஓட்டியிருக்கிறார். நள்ளிரவிலும் ஓட்டியிருக்கிறார். ஒரு விபத்துக் கூடக் கிடையாது.

அவர் துபாய்க்கு வேலைக்குப் போகிறார்.

"கார் ஓட்டத் தெரியுமா?" என்று கம்பெனியில் கேட்கிறார்கள்.

"தெரியும்" என்கிறார். பையிலிருந்து லைசென்சை எடுத்துப் பெருமையோடு நீட்டுகிறார்.

"இது இங்கே செல்லாது. இந்த ஊர் லைசென்சு வாங்கிக் கொண்டு வாருங்கள்" என்று பதில் வருகிறது.

பதினைந்து ஆண்டு அனுபவம் ஒரே நொடியில் பூஜ்யம் ஆகி விட்டது! நரைத்த தலையோடு அவர் மோட்டார் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அவர் மகன் வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார வேண்டும். பாடம் கேட்க வேண்டும். பரீட்சை எழுத வேண்டும்.

"இது என்ன அநியாயம்!" என்று அவர் நினைக்கலாம். வீட்டுக்கு டெலிபோனில் பேசும்போது வருத்தப்படலாம். அவர் வருத்தம் புரியக் கூடியதே.

ஆனால், இது அநியாயமா? ஆற அமர யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது. தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் ஒருவராவது கடல் தாண்டிப் போயிருக்கிறார். இன்று போகாதவர் நாளை போகலாம்.

எந்த நாட்டில் என்ன விதி?

எல்லா நாட்டிலும் ஒரே சட்டம் இல்லை. ஆனால் எல்லாச் சட்டங்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். சுற்றிப் பார்க்க வந்தவர் வேறு. குடியிருக்க வந்தவர் வேறு.

ஐக்கிய அரபு நாடுகளை எடுத்துக் கொள்வோம். துபாய் அங்கேதான் இருக்கிறது. சில நாள் சுற்றிப் பார்க்கப் போகும் இந்தியர், இந்திய லைசென்சையும் சர்வதேசப் பர்மிட்டையும் காட்டி வாடகைக் கார் ஓட்டலாம். வேலை கிடைத்து, குடியிருப்பு விசா வந்து விட்டால் அந்தச் சலுகை போய் விடும். அந்த நாட்டு லைசென்சு வாங்கியே ஆக வேண்டும்.

பிரிட்டனில் விதி வேறு. அங்கே குடியேறும் இந்தியர், இந்திய லைசென்சை வைத்துக் கொண்டு 12 மாதம் வரை கார் ஓட்டலாம். 12 மாதம் முடிந்த மறுநாள், சட்டத்தின் கண்ணில் அவர் கற்றுக் கொள்பவர். தற்காலிக லைசென்சு வாங்க வேண்டும். காரின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' பலகை மாட்ட வேண்டும். 21 வயது நிரம்பி, 3 ஆண்டாவது முழு லைசென்சு வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் கெடு 6 மாதம்தான். அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டுமானால், இந்தியர் எழுத்துப் பரீட்சையும் ஓட்டும் பரீட்சையும் தேற வேண்டும். முதல் உதவிப் பயிற்சியும் பெற வேண்டும்.

சிங்கப்பூரில் 12 மாதக் கெடு. சொந்தக் கார் ஓட்டுகிற வகைக்கு, 50 கேள்விகள் கொண்ட அடிப்படைப் பரீட்சை உண்டு. அதில் 45 கேள்விக்குச் சரியான விடை எழுதினால் இந்திய லைசென்சை மாற்றிக் கொள்ளலாம். வேலைக்காக வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

ஆகவே, வெளிநாட்டில் காலடி வைத்த அன்றே கெடுவைக் குறித்துக் கொள்ள வேண்டும். "இன்னும் நாள் இருக்கிறது" என்று இருந்தவர்களுக்குக் கெடு சொல்லாமல் கொள்ளாமல் முடிந்து விடும்.

'இன்டர்நேஷனல் லைசென்சு' என்ற மயக்கம்

"இன்டர்நேஷனல் லைசென்சு வாங்கி விட்டால் உலகம் எல்லாம் ஓட்டலாம்" என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு.

அப்படி ஒரு லைசென்சே உலகத்தில் கிடையாது! இருப்பது பர்மிட்டுதான். 1949-ல் ஜெனீவாவில் பல நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தின்படி அது கொடுக்கப்படுகிறது. சொந்த ஊர் லைசென்சில் இருப்பதை வேறு நாட்டுப் போலீசாரும் படித்துப் புரிந்து கொள்வதற்கு அது ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகம் போல. அசல் லைசென்சு கையில் இல்லாவிட்டால், பர்மிட்டு வெறும் காகிதம்தான்.

அதன் ஆயுளும் ஓர் ஆண்டுதான். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதை வாங்கலாம். 2022-ல் மத்திய அரசு இந்தப் பர்மிட்டுக்கு நாடு முழுவதும் ஒரே வடிவம் கொண்டு வந்தது. வெளிநாட்டில் இருக்கும்போது பர்மிட்டுக் காலம் முடிந்தால், இந்தியத் தூதரகம் மூலம் மறுபடி விண்ணப்பிக்க 2021-ல் வழி செய்யப்பட்டது.

"பத்து ஆண்டு செல்லும், பரீட்சை வேண்டாம், பணம் கட்டினால் வீடு தேடி வரும்" என்று யாராவது ஓர் அட்டையை விற்றால், அது மோசடி. அந்த அட்டையைப் போலீசாரிடம் நீட்டுகிறவர் தாமே வலிய வம்பில் மாட்டிக் கொள்கிறார்.

சாலை மாறினால் பாடமும் மாறும்

சரி, நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு எதற்கு மறுபடி பரீட்சை?

இந்தியாவில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. துபாயில் வலப்பக்கம் போகின்றன. ஸ்டீரிங் இருக்கும் பக்கம் வேறு. கியர் போடும் கை வேறு. சாலை நடுவே உள்ள வட்டத்தைச் சுற்றும் திசை வேறு. ஊரில் பதினைந்து ஆண்டு பழகிய கையும் காலும், அவசரம் வரும்போது பழைய பக்கத்துக்கே இழுக்கும். ஆபத்து அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது.

துபாயில் பள்ளிக்கூட பஸ் நின்று, அதன் பக்கத்தில் 'நில்' என்ற பலகை விரிந்தால், பின்னால் வருகிறவர் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நின்று விட வேண்டும். குழந்தைகள் இறங்கி முடியும் வரை நகரக் கூடாது. நகர்ந்தால் 1,000 திர்ஹம் அபராதம். லைசென்சில் 10 கரும்புள்ளி. ஓர் ஆண்டுக்குள் 24 கரும்புள்ளி சேர்ந்தால் லைசென்சை முடக்கி விடுவார்கள்.

பிரிட்டனில் வண்டிகள் இந்தியாவைப் போல இடப்பக்கம்தான் போகின்றன. ஆனால் அங்கேயும் பழக்கம் வேறு. வரிக்குதிரைக் கோடு போட்ட இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக் காத்து நின்றால், கார்தான் வழி விட வேண்டும். ஊருக்குள் இரவு 11-30 மணி முதல் காலை 7 மணி வரை ஆரன் அடிக்கக் கூடாது. ஆரன் இல்லாமல் வண்டி ஓட்டுவது எப்படி என்று ஊரில் பலர் கேட்பார்கள்!

ஜெர்மனியில் பலகை ஏதும் இல்லாத நாற்சந்தியில், வலது பக்கமிருந்து வருகிறவருக்கு முதல் உரிமை. அவர் பிரேக் போடாமலே வருவார். எதிரில் வருகிறவருக்கும் விதி தெரியும் என்ற நம்பிக்கையில் வருவார். விதி தெரியாத புதியவர் அந்த நம்பிக்கையை உடைத்தால் என்ன ஆகும்?

வேகமாக ஓட்டத் தெரிகிறதா என்று அந்த நாடு பார்ப்பதில்லை. எதிரே வருகிறவர் நம்பக் கூடியபடி ஓட்டத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறது.

ஒரு நாடே மாணவன் ஆன கதை

புதிதாகக் கற்றுக் கொள்வதில் வெட்கம் எதற்கு? ஒரு முழு நாடே ஒரே நாளில் புதிதாகக் கற்றுக் கொண்டது உண்டு.

அந்த நாடு சுவீடன். 1967 செப்டம்பர் 3-ந் தேதி வரை அங்கே வண்டிகள் இடப்பக்கம் போய்க் கொண்டிருந்தன. சுற்றியிருந்த நாடுகளைப் போல வலப்பக்கம் மாறுவது என்று அரசு முடிவு செய்தது. அன்று அதிகாலை, சாலையில் இருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தன. மீண்டும் நின்றன. சரியாக 5 மணிக்கு, புதிய பக்கத்தில் புறப்பட்டன.

அன்று காலை சுவீடனில் எல்லோரும் மாணவர்கள். நாற்பது ஆண்டு ஓட்டியவரும் மாணவர். நேற்றுக் கற்றவரும் மாணவர். "எனக்கு எல்லாம் தெரியும்" என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பயந்தபடி பெரிய விபத்துக் குவியல் நேரவும் இல்லை. காரணம், ஒவ்வொருவரும் கவனத்தோடு ஓட்டினார்கள்.

கடல் தாண்டிப் போகும் டிரைவரும் அந்தக் கவனத்தோடு வண்டியில் ஏற வேண்டும்.

பரீட்சை எப்படி இருக்கும்?

துபாயில் முதலில் கண் பரிசோதனை. பிறகு மோட்டார் பள்ளியில் பெயர் பதிய வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து விதிகளைக் கேட்க வேண்டும். எழுத்துப் பரீட்சை தேற வேண்டும். ஓட்டும் பாடங்கள் படிக்க வேண்டும். ஊரில் பல ஆண்டு லைசென்சு வைத்திருந்தவருக்குப் பாடங்களின் எண்ணிக்கை குறையும். பிறகு மைதானத்தில் ஒரு பரீட்சை. இரு வண்டிகளுக்கு நடுவே நிறுத்துவது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, திடீர் பிரேக் போடுவது எல்லாம் பார்ப்பார்கள். கடைசியில் சாலைப் பரீட்சை.

தேறாவிட்டால் மறுபடியும் பாடம்; மறுபடியும் கட்டணம். எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் திர்ஹம் ஆகும். வட்டிக்குக் கடன் வாங்கி விமானம் ஏறிய தொழிலாளிக்கு இது பெரிய பாரம். ஊரில் அவர் பணத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மனைவி மக்களுக்கும் பாரம்தான். 2023-ல் துபாய் ஒரு சலுகை கொடுத்தது. சொந்த நாட்டு லைசென்சு வைத்திருப்பவர் பாடங்கள் படிக்காமல் நேரே பரீட்சைக்குப் போகலாம். ஆனால் அந்த வாய்ப்பு ஒரே தடவைதான். தவறினால், எல்லோரையும் போலப் பள்ளியில் சேர வேண்டும்.

பிரிட்டனில் எழுத்துப் பரீட்சைக்கு 50 கேள்விகள். 43 சரியாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. சாலைக் காட்சிகளைக் காட்டும் 14 சிறு படங்கள் ஓடும். ஆபத்து எங்கே உருவாகிறது என்று கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். பந்து ஒன்று சாலைக்கு உருண்டு வந்தால், பின்னால் ஒரு குழந்தை ஓடி வரும் என்று டிரைவர் உடனே ஊகிக்க வேண்டும். அதைத்தான் இந்தப் படங்கள் சோதிக்கின்றன.

பிறகு ஓட்டும் பரீட்சை. முதலில் 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பரைப் படித்துக் காட்ட வேண்டும். படிக்க முடியாவிட்டால் பரீட்சை அங்கேயே முடிந்தது! அதன் பிறகு சுமார் 40 நிமிடம் சாலையில் ஓட்ட வேண்டும். சிறு தவறுகள் 15 வரை பொறுப்பார்கள். பெரிய தவறு ஒன்று செய்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஊரில் நன்றாக ஓட்டுகிறவர்கள் இங்கே தவறுவது உண்டு. கண்ணாடியைப் பார்க்காமல் திரும்புவார்கள். ஒற்றைக் கையால் ஸ்டீரிங் பிடிப்பார்கள். தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்க மறந்து விடுவார்கள். திறமைக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. பல ஆண்டு ஊறிப் போன பழக்கம்தான் காரணம். புதிதாகக் கற்பவருக்குக் கற்பது ஒரு வேலை. பழையவருக்கோ மறப்பது ஒரு வேலை. கற்பது இன்னொரு வேலை.

பெண்களுக்கும் இது சொத்து

லைசென்சு ஆண்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. சவுதி அரேபியாவில் 2018 ஜூன் 24-ந் தேதி வரை பெண்கள் கார் ஓட்ட முடியாது. அன்றுதான் தடை நீங்கியது. அந்த மாதத் தொடக்கத்தில் முதன் முதல் லைசென்சு பெற்ற சவுதிப் பெண்கள், வெளிநாட்டில் ஏற்கனவே பரீட்சை தேறி வாங்கிய லைசென்சைத்தான் மாற்றிக் கொண்டார்கள். என்றோ கற்ற கல்வி, தக்க நேரத்தில் கை கொடுத்தது!

கணவனோடு வெளிநாடு போகும் பெண்ணும், நர்சு வேலைக்குத் தனியே போகும் பெண்ணும் இதை நினைவில் வைக்க வேண்டும். இரவு வேலை முடிந்து வீடு திரும்ப, பிள்ளையைப் பள்ளியில் விட, உடம்பு சரியில்லாதவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக, பிறர் தயவை நாட வேண்டியது இல்லை. அந்நிய ஊரில் லைசென்சு என்பது சொந்தக் கால் மாதிரி.

குறுக்கு வழி குழியில் தள்ளும்

"பக்கத்துத் தெருவுக்குத்தானே! யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சிலர் லைசென்சு இல்லாமலே ஓட்டி விடுகிறார்கள். "சும்மா ஒரு தடவை எடுத்துக் கொண்டு போ" என்று நண்பர்களும் சாவியைக் கொடுத்து விடுகிறார்கள்.

ஐக்கிய அரபு நாடுகளில் 2025-ல் புதிய போக்குவரத்துச் சட்டம் அமலுக்கு வந்தது. அங்கே செல்லாத வெளிநாட்டு லைசென்சை வைத்துக் கொண்டு ஓட்டினால், முதல் தடவை 2,000 முதல் 10,000 திர்ஹம் வரை அபராதம். மறுபடியும் அதே குற்றம் செய்தால் ஜெயிலுக்கும் போக நேரும்.

அபராதத்தையாவது கட்டி விடலாம். விபத்து நடந்தால்? செல்லுபடியான லைசென்சு இல்லாதவரை இன்ஷூரன்சு கம்பெனி காப்பாற்றாது. அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்தாலும், அதை ஓட்டியவரிடமே திருப்பி வசூலிக்க வழி உண்டு. உயிர் போய் விட்டால், அரபு நாட்டுச் சட்டப்படி 'தியா' என்னும் இழப்பீடு கட்ட வேண்டும். அது தொழிலாளியின் பல ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம்.

வீடு கட்டப் போனவர், தங்கைக்குக் கல்யாணம் செய்யப் போனவர், ஒரு மாலை நேரத்து அலட்சியத்தால் எல்லாவற்றையும் இழக்கலாம். செத்தவருக்கும் ஒரு வீடு உண்டு. அவருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தால் என்ன?

தாய்மொழியில் கேட்டால்...

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொழிலாளிக்கு விதி தெரிந்திருக்கும், கேள்வி புரியாது. ஆங்கிலமும் அரபியும் படிக்காதவர், மொழியில் தோற்கிறாரா, ஓட்டுவதில் தோற்கிறாரா?

துபாய் இதற்கு ஒரு வழி செய்தது. 2015-ல் எழுத்துப் பரீட்சைக்குப் புதிய மொழிகளைச் சேர்த்தபோது, தமிழும் இடம் பெற்றது. வரவேற்க வேண்டிய காரியம்! விதியைத் தாய்மொழியில் புரிந்து கொண்டவர் அதை எளிதில் மறக்க மாட்டார்.

பிரிட்டனிலும் தமிழில் கேள்வி கேட்கும் வசதி முன்பு இருந்தது. 2014 ஏப்ரலில் அயல்மொழி வசதிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. இப்போது ஆங்கிலமும் வேல்சு மொழியும்தான். நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மொழிபெயர்க்க வந்த சிலர் விடையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது! சிலர் செய்த திருட்டுத்தனத்தால், நேர்மையாகப் படித்தவர்களும் வசதியை இழந்தார்கள்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது?

எல்லா நாட்டுக்காரரையும் துபாய் பரீட்சைக்கு அனுப்புவதில்லை. பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், சிங்கப்பூர் லைசென்சு வைத்திருப்பவர்கள் பரீட்சை இல்லாமலே மாற்றிக் கொள்ளலாம். இந்தியர் முடியாது. 

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2021-ல் பிரிட்டன், ஐக்கிய அரபு நாடுகளின் லைசென்சை ஏற்றுக் கொண்டது. ஆகவே, துபாயில் பரீட்சை தேறி லைசென்சு வாங்கிய தமிழர் பிரிட்டனில் குடியேறினால், அதைக் கொடுத்து பிரிட்டன் லைசென்சு பெறலாம். அவருடைய இந்திய லைசென்சைக் கொடுத்தால் பெற முடியாது!

ஆள் ஒருவர்தான். கையும் அதே கை; கண்ணும் அதே கண். துபாய்ச் சீட்டுக்கு மதிப்பு. ஊர்ச் சீட்டுக்கு மதிப்பு இல்லை. ஏன்?

ரூபாய் நோட்டு வெறும் காகிதம்தான். பின்னால் அரசின் உறுதி இருப்பதால் அதற்கு மதிப்பு. லைசென்சும் அப்படியே. அதற்குப் பின்னால் ஒரு நேர்மையான பரீட்சை இருக்கிறது என்று பிறர் நம்பினால்தான் மதிப்பு.

ஊரில் நடப்பது என்ன? பல இடங்களில் சில நிமிடம் ஓட்டிக் காட்டினால் போதும்; பரீட்சை முடிந்தது. தரகரிடம் பணம் கொடுத்தால் வேலை சுலபம் என்ற பேச்சு ஊருக்கு ஊர் இருக்கிறது. "லைசென்சு எடுத்தாச்சா?" என்று கேட்கிறார்களே தவிர, "கற்றுக் கொண்டாயா?" என்று யாரும் கேட்பதில்லை.

இதன் விலை என்ன தெரியுமா? 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாள் ஒன்றுக்கு 49 பேர்! அதே ஆண்டில் பிரிட்டன் சாலைகளில் இறந்தவர்கள் 1,711 பேர். பிரிட்டன் மக்கள் தொகை சுமார் ஆறரைக் கோடி. தமிழ்நாட்டு மக்கள் தொகை 2011 கணக்குப்படி 7 கோடியே 21 லட்சம். மக்கள் தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. சாவில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்!

பிரிட்டனும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1903 சட்டப்படி அங்கே 5 ஷில்லிங் கொடுத்தால் லைசென்சு, பரீட்சையே இல்லை. 1934-ல் அங்கே 7,343 பேர் சாலையில் செத்தார்கள். அன்று ஓடிய வண்டிகள் இன்று ஓடுவதில் ஒரு சிறு பங்குதான். நாடு விழித்துக் கொண்டது. 1935 ஜூன் முதல் தேதி, புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குப் பரீட்சை கட்டாயம் ஆயிற்று. 1967-ல் குடித்து விட்டு ஓட்டுகிறவரை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கும் கருவி வந்தது. 1983-ல் முன் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடுவது கட்டாயம் ஆயிற்று. நல்ல சாலைகளும் கடுமையான சட்டமும் சேர்ந்து சாவைக் குறைத்தன. பரீட்சை மட்டுமே எல்லாவற்றையும் செய்து விடவில்லை. ஆனால், பரீட்சை இல்லாமல் மற்றவை பயன் தந்திருக்காது.

ஆகவே, அயல்நாட்டு ஆபீசில் தமிழன் லைசென்சைத் திருப்பிக் கொடுத்தால், அந்தக் குமாஸ்தா மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. ஊர்ப் பரீட்சையின் தரத்துக்கு அவன் மார்க் போடுகிறான்!

செய்ய வேண்டியது என்ன?

வெளிநாடு போகிறவர் புறப்படும் முன்பே சில காரியங்களை முடித்துக் கொள்ள வேண்டும். ஊர் லைசென்சின் தேதி முடியப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். கண் மங்கலாக இருந்தால் இங்கேயே கண்ணாடி வாங்கிக் கொள்ள வேண்டும். போகும் நாட்டின் சாலை விதிப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். தமிழில் கிடைத்தால் தமிழில் படிக்க வேண்டும்.

போன பிறகு, கெடுவுக்கு முன்பே பரீட்சைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய அனுபவத்தை நம்பிப் பாடத்தைத் தவிர்க்கக் கூடாது. ஒரு தடவை தவறினால் துவள வேண்டாம். சொல்லிக் கொடுப்பவர் வயதில் சிறியவராக இருந்தாலும், அவர் குறை சொன்னால் கேட்டுக் கொள்ள வேண்டும். 

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "இன்னுமா லைசென்சு வாங்கவில்லை?" என்று டெலிபோனில் விரட்டக் கூடாது. அவசரம்தான் குறுக்கு வழியைக் காட்டும். பரீட்சைக்கு ஆகும் செலவை வீண் செலவு என்று எண்ணாமல், இரண்டு மாதம் பணம் குறைவாக வந்தாலும் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

அரசுக்கும் கடமை உண்டு. ஊர்ப் பரீட்சை உண்மையான பரீட்சையாக வேண்டும். தேறாதவரைத் தேறாதவர் என்று சொல்லத் துணிய வேண்டும். தரகருக்கு அங்கே வேலை இருக்கக் கூடாது. அப்படிச் செய்து காட்டினால், "எங்கள் லைசென்சை ஏற்றுக் கொள்ளுங்கள்" என்று பிற நாடுகளைத் தலை நிமிர்ந்து கேட்கலாம். அது வரையில் கேட்பதற்கு வாய் இருக்காது.

துபாய்க்குப் போன அந்த லாரி டிரைவரை மறுபடி நினைத்துப் பார்ப்போம். அவர் பள்ளியில் சேர்ந்தார். படித்தார். பரீட்சை தேறினார். புது லைசென்சைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார் என்று வைத்துக் கொள்வோம். வீட்டில் மகன் பதினெட்டு வயதை எட்டி விட்டான். "அப்பா, எனக்கும் லைசென்சு வேண்டும். தெரிந்த தரகர் ஒருவர் இருக்கிறார்" என்கிறான்.

அந்தத் தகப்பன் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்:

"தரகர் சீட்டு வாங்கித் தருவார். ஓட்டக் கற்றுத் தர மாட்டார். முதலில் கற்றுக் கொள்!"